வராதவர்களையும் எண்ணுங்கள்!

(அவசர சிகிச்சைத் தேவையை மதிப்பிடுவது பற்றி ஜெயபுரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

கூட்டம் என்றால் உரிமையைப் பற்றியும் ஆட்சியைப் பற்றியும் பேசுவதே நம் வழக்கம். இன்று நாம் ஒரு கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். திடீரென உயிருக்கு ஆபத்து நேர்ந்து, அந்தக் கணமே சிகிச்சை வேண்டி நிற்பவர்கள் இப்பகுதியில் எத்தனை பேர்? இன்னும் ஐந்து ஆண்டில், பத்து ஆண்டில் எத்தனை பேராக இருப்பர்? இதுவே அந்தக் கணக்கு. இது கந்தோர்க்காரர் பார்க்கும் வேலை, நமக்கென்ன என்று எவரும் இருந்துவிட வேண்டாம். எவரைக் கணக்கிற் சேர்ப்பது, எவரை விடுவது என்று தீர்மானிப்பவர்களே, டாக்டர் எங்கே இருப்பார், வண்டி எங்கே நிற்கும், மருந்து எங்கே வைக்கப்படும் என்பவற்றையும் தீர்மானிக்கின்றார்கள். அந்தத் தீர்மானத்தில் ஜெயபுரத்துக் கமக்காரனுக்கும் வலைப்பாட்டுக் கடற்றொழிலாளிக்கும் பங்கு வேண்டும் என்பதே நம் வழக்கு.

நாம் கூடியிருக்கும் இவ்வூர் பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. பூநகரியிலும் முழங்காவிலிலும் அக்கராயனிலும் அரசாங்க வைத்தியசாலைகள் உள்ளன. பெரிய சிகிச்சை வேண்டுமாயின் கிளிநொச்சிப் பொது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அன்றேல் 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்திற்குச் செல்லவேண்டும். பகலில் உடல்நலத்தோடு செல்பவனுக்கு இவை வெறும் மைல்கள். நள்ளிரவில் மூச்சுத் திணறும் குழந்தையை மடியிற் கிடத்திச் செல்லும் தாய்க்கு அவை மைல்களல்ல, நிமிடங்கள்.

வட்டத்துள் அகப்பட்ட ஊர்

வன்னியில் உள்ள ஏதோ ஒரு சிறு வைத்தியசாலையை மனத்திற் கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். இரவில் அங்கே டாக்டர் இருப்பார் என்ற உறுதி இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆகவே இரவில் நெஞ்சுவலி கண்டவனை வீட்டார் அங்கே கொண்டுசெல்வதில்லை. முச்சக்கர வண்டி பிடித்து நேரே பட்டினத்திற்குக் கொண்டோடுகின்றார்கள். வண்டி கிடைக்காதவன் விடியும்வரை காத்திருக்கின்றான். விடியலைக் காணாமலும் போய்விடுகின்றான். ஆண்டு முடிவில் அந்த வைத்தியசாலையின் பதிவேட்டைப் புரட்டுகின்றார்கள். “இரவில் நோயாளர் வருவது மிகக் குறைவு” என்று தெரிகின்றது. வராத நோயாளருக்கு டாக்டர் எதற்கு, தாதி எதற்கு, வண்டி எதற்கு என்ற கேள்வி எழுகின்றது. ஆளணி குறைகின்றது. டாக்டர் இல்லாததால் நோயாளர் வரவில்லை; நோயாளர் வராததால் டாக்டர் இல்லை. செக்கைச் சுற்றும் மாடுபோல ஊர் இந்த வட்டத்தையே சுற்றிச் சுற்றி வருகின்றது.

தான் செய்த தவறிலிருந்து எவனும் தனக்கே நன்மை தேடிக்கொள்ளலாகாது என்பது சட்டத்தின் மிகப் பழைய நெறி. வசதி செய்து கொடுக்காத நிர்வாகம், வசதி இல்லாமையால் குறைந்துபோன எண்ணிக்கையையே எடுத்துக்காட்டி, வசதி தேவையில்லை என்று வாதாடுவதை எந்த நெறி ஏற்கும்?

இங்கே நாம் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். வந்தவர்களின் தொகை வேறு; வேண்டியவர்களின் தொகை வேறு. ஆண்டுதோறும் சுகாதார அமைச்சு வெளியிடும் புள்ளிவிபரத்தில் உள்ள நோய்க்கணக்கு, பெரும்பாலும் அரசாங்க வைத்தியசாலைகளில் தங்கிச் சிகிச்சை பெற்றோரின் கணக்கே. வழியில் இறந்தவன் அதில் இல்லை. வீட்டில் இறந்தவள் அதில் இல்லை. வைத்தியசாலையை நம்பாமல் வேறிடம் சென்றவரும் இல்லை.

பாம்பு சொல்லும் சாட்சி

இது வெறும் அனுமானம் என்று எவராவது சொல்லக்கூடும். ஆகவே கமக்காரர் அனைவரும் அறிந்த ஒரு சாட்சியை அழைப்போம். அந்தச் சாட்சி பாம்பு.

இந்நாட்டின் மொனராகலை மாவட்டத்தில், 1999 முதல் 2003 வரையான ஐந்து ஆண்டுகளின் மரணச் சான்றிதழ்களையும் வைத்தியசாலைக் கணக்குகளையும் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுப் பார்த்தனர். பாம்பு கடித்து இறந்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் வைத்தியசாலைக் கணக்கில் இடம்பெறவே இல்லை. பின்னர் 2012இலும் 2013இலும் இலங்கை முழுவதிலும் வீடுவீடாகச் சென்று விசாரித்து ஓர் ஆய்வு நடைபெற்றது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கின்றது. அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேருக்கு விஷம் ஏறுகின்றது. 400 பேருக்கு மேல் இறக்கின்றனர் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்த உண்மை வைத்தியசாலை வாசலில் நின்று எண்ணியதால் வெளிவரவில்லை. மக்களின் வீட்டுவாசலில் நின்று கேட்டதால் வெளிவந்தது.

வரப்பிற் புடையன் கடிப்பதும், இரவில் நிலத்திற் பாய்விரித்து உறங்குவோரை விரியன் கடிப்பதும் இங்கே எவருக்கும் புதிய செய்தியல்ல. விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகின்றது. அம்மருந்தை ஏற்றும்போது சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை உண்டாகும். அதனைச் சமாளிக்கக்கூடிய டாக்டரும் மருந்தும் அருகில் இருக்கவேண்டும். ஆகவே மருந்துக் குப்பி அலுமாரியில் இருக்கின்றது என்பதால் மட்டும் ஊருக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. “மருந்து உண்டா?” என்ற கேள்வியோடு, “அதை ஏற்றத் துணியும் கை இரவு இரண்டு மணிக்கு அங்கே உண்டா?” என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. கடிபட்டவனை முதலில் விஷகடி வைத்தியரிடம் கொண்டுசென்று, நிலைமை முற்றியபின் வைத்தியசாலைக்குக் கொண்டோடுவோர் நம்மிடையே உண்டு. அந்த வைத்தியர்களை நாம் பழிக்க வரவில்லை. அவர்களும் நம் ஊரவரே. அவர்களிடம் சென்றோரின் தொகையும் கணக்கில் வரவேண்டும், கடிபட்டவர் காலந்தாழ்த்தாமல் வைத்தியசாலைக்கு அனுப்பப்படவேண்டும் என்றுதான் கேட்கின்றோம்.

வான் கட்டுபவன் சராசரியைப் பார்ப்பதில்லை

இனி, எதிர்காலத்தைக் கணிப்பது பற்றிச் சில சொற்கள்.

அதிகாரிகள் அடிக்கடி கையாளும் சொல் “சராசரி”. நாளொன்றுக்குச் சராசரி இத்தனை பேர், அதற்கு இத்தனை கட்டில், இத்தனை வண்டி. கமக்காரப் பெருமக்களே, உங்களை ஒன்று கேட்கின்றோம். வன்னேரிக்குளத்திற்கும் அக்கராயன்குளத்திற்கும் வான் கட்டியவர்கள் சராசரி மழையைப் பார்த்தா கட்டினார்கள்? சராசரி மழைக்கு வான் கட்டினால், பெருமழை பெய்யும் முதலாவது மாரியிலேயே அணை உடைந்து ஊர் அழியும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறந்துவிடவில்லை. குளத்தின் காவலன் பெருவெள்ளத்தை நினைத்தே உறங்கச் செல்கின்றான். அவசர சிகிச்சையின் காவலனும் அவ்வாறே இருக்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பகுதியில் நாளொன்றுக்குச் சராசரி இரண்டு அவசர நோயாளர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பின்றி நேர்ந்தபடி வருபவர்களாயின், கணித விதி கூறுவது இது: ஆண்டில் ஏறத்தாழ 49 நாட்களில் ஒருவரும் வரமாட்டார், ஏறத்தாழ 52 நாட்களில் நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ வருவர். சராசரி இரண்டுதான். ஆயினும் வாரத்தில் ஒரு நாள் என்ற அளவில் அதைப்போல் இருமடங்கு பாரம் வந்து விழுகின்றது. அந்த நாளில் ஒரே வண்டியை வைத்திருக்கும் ஊரில் இரண்டாமவன் காத்திருக்கின்றான், மூன்றாமவன் கைவிடப்படுகின்றான். ஒருவரும் வராத நாளிற் சென்று பார்க்கும் அதிகாரியோ, “ஆட்கள் சும்மா இருக்கின்றார்கள்” என்று அறிக்கை எழுதுகின்றார்!

இக்கணிதம் புதிதன்று. 1898இல் போர்ட்கியேவிச் என்ற அறிஞர், பிரஷ்யப் படையிற் குதிரை உதைத்து மாண்ட வீரர்களின் 20 ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தார். எந்த ஆண்டில் எவன் மாள்வான் என்று எவராலும் சொல்லமுடியாது. ஆயினும் ஒரு படைப்பிரிவில் ஒருவரும் மாளாத ஆண்டுகள் எத்தனை, இருவர் மாண்ட ஆண்டுகள் எத்தனை, மூவர் மாண்ட ஆண்டுகள் எத்தனை என்பது கணித விதிக்குப் பெரிதும் இசைந்தே நின்றது. விபத்து எவனுக்கு நேரும் என்பது தெரியாது. எத்தனை விபத்துக்கு ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பது தெரியும். தெரிந்தும் ஆயத்தமாகாதிருப்பதை விதி என்று சொல்லித் தப்பிவிட முடியாது.

மேலும், நம்முடைய ஆபத்துக்களுக்குப் பருவம் உண்டு. காலபோக விதைப்பிலும் அறுவடையிலும் பாம்பு. மாரியில் எலிக்காய்ச்சலும் வெள்ளமும். கச்சான் காற்றிற் கடல். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிப் பகுதியில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது, பெருமழையையும் வெள்ளத்தையும் தொடர்ந்தே. பஞ்சாங்கம் பார்த்து விதைக்கத் தெரிந்த நாட்டில், பருவம் பார்த்து மருந்தும் ஆளும் அனுப்பத் தெரியவில்லை என்பது வெட்கமன்றோ?

பொய் சொல்லும் ஆண்டுகள்

கடந்த ஆண்டுகளின் எண்ணிக்கையை நீட்டி வருங்காலத்தைக் கணிப்பது ஒரு முறை. அம்முறையிலும் ஒரு குழி உண்டு. 2020இல் ஊரடங்கு, நோயாளர் வெளியே வர அஞ்சினர். 2022இல் எரிபொருள் இல்லை; வண்டிகள் ஓடவில்லை. அந்த ஆண்டுகளில் வைத்தியசாலைக்கு வருவோர் குறைந்த இடமெல்லாம் நோய் குறைந்த இடமென்று எவராவது கொள்வாராயின், பஞ்சகாலத்தில் அடுப்பெரியாத வீட்டைப் பார்த்து, “இவர்களுக்குப் பசியில்லை” என்று எழுதியவராவார்.

வடக்கிற்கு வேறொரு குறையும் உண்டு. 1981க்குப் பின் 2012 வரை இங்கே முழுமையான குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 31 ஆண்டுகள் எண்ணப்படாதிருந்த மக்கள் நாம். எண்ணப்படாமை என்ன செய்யும் என்பதை இம்மண்ணைக் காட்டிலும் நன்கறிந்த மண் வேறில்லை.

2009ஆம் ஆண்டின் முற்பகுதியில், வன்னியிற் போருக்குள் அகப்பட்டிருந்த மக்களின் தொகை ஏறத்தாழ 70,000 என்று அரசாங்கம் கூறியது. போர் முடிந்தபின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் ஏறத்தாழ 2,90,000 பேர். மக்கள் தொகை வேண்டுமென்றே குறைத்துக் காட்டப்பட்டது என்றும், உணவும் மருந்தும், குறிப்பாகச் சத்திரசிகிச்சைக்கு வேண்டிய பொருள்களும், மறுக்கப்பட்டன என்றும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. புதுக்குடியிருப்பிலும் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இயங்கிய வைத்தியசாலைகளில் மருந்தின்றிக் கிடந்தவர்கள், கணக்கில் விடப்பட்டவர்கள். பழைய புண்ணைக் கிளறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. ஓர் எண்ணைக் குறைத்து எழுதினால் ஓர் உயிர் எவ்வாறு போகும் என்பதற்கு இதனிலும் பெரிய சான்று தேடி நாம் எங்கே செல்வது?

நாளைய ஆபத்து நேற்றைய ஆபத்தன்று

நாளை வரப்போகும் தேவை நேற்றைய தேவையைப் போல இருக்காது. வீதி திருந்தியது, மோட்டார் சைக்கிள் பெருகியது, வேகமும் கூடியது. விபத்தும் கூடவே வரும். முதியோர் தொகை உயர்கின்றது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஊரெங்கும் உண்டு. அவற்றின் பின்னே மாரடைப்பும் பக்கவாதமும் வரும். மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டுப் பக்கவாதம் கண்டவனுக்கு, அடைப்பைக் கரைக்கும் மருந்து நான்கரை மணி நேரத்துக்குள் ஏற்றப்படவேண்டும். அதற்கு முன் மூளையைப் படம்பிடிக்கும் கருவி உள்ள வைத்தியசாலையை அவன் அடைந்திருக்கவேண்டும். அந்த நான்கரை மணியில் எத்தனை மணியை வீதி விழுங்குகின்றது என்பதே ஜெயபுரத்தின் கேள்வி.

நல்லதையும் சொல்லவேண்டும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய நோயாளர் வண்டிச் சேவை, இந்திய உதவியோடு 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, 2018 ஜூலையில் வடக்கிற்கும் வந்தது. அதற்கென வழங்கப்பட்டவை 297 வண்டிகள். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குப் பகிர்ந்து பார்த்தால், ஒரு வண்டிக்கு ஏறத்தாழ 73,000 பேர். நெருக்கமாக மக்கள் வாழும் கொழும்பில் 73,000 பேர் சில தெருக்களுக்குள் அடங்குவர்; 2012இன் மதிப்பீட்டின்படி கிளிநொச்சி மாவட்டம் முழுவதற்குமே மக்கள் தொகை 1,13,510தான். தலையை எண்ணி வண்டி பகிர்ந்தால் காடும் கடலும் சூழ்ந்த நம் பிரதேசத்திற்கு எஞ்சுவது என்ன? ஆகவே, அளவுகோல் தலை எண்ணிக்கையாக மட்டும் இருக்கலாகாது. நேரமும் அளவுகோலாக வேண்டும். அழைத்தபின் எத்தனை நிமிடத்தில் வண்டி வரும்? எத்தனை நிமிடத்தில் டாக்டரின் கை நோயாளி மீது படும்?

நாம் கேட்பது என்ன?

ஊருக்கு ஊர் சத்திரசிகிச்சை நிபுணரை அமர்த்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. நாட்டின் பணநிலையும், 2022க்குப் பின் டாக்டர்கள் பலர் வெளிநாடு சென்றதும் நமக்குத் தெரியாதவையல்ல. உயிரைப் பிடித்துவைக்கத் தெரிந்த டாக்டரும் தாதியும் சிறு வைத்தியசாலையில் இரவும் பகலும், பெரிய வைத்தியசாலையோடு உடனே பேசும் வழி, கொண்டுசெல்லும் வண்டி. இம்மூன்றையே கேட்கின்றோம். இவை எத்தனை வேண்டும் என்பதை உண்மையான தேவையைக் கொண்டு அளவிடுங்கள் என்று கேட்கின்றோம்.

வராதவர்களை எண்ணமுடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்நாடே விடை கூறும். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து வளர்ந்த முறையில், மருத்துவமாது வீடுவீடாகச் சென்று தன் பகுதியிலுள்ள ஒவ்வொரு கர்ப்பிணித் தாயையும் பதிந்தாள். தாய் ஒருத்தி இறந்தால், வைத்தியசாலையில் இறந்தாலும் வீட்டில் இறந்தாலும், ஏன் இறந்தாள் என்று விசாரிக்கும் முறை ஏற்பட்டது. 1940களில், 1,00,000 பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில், அத்தொகை இக்காலத்தில் 30ஐ ஒட்டி இறங்கியது. வருவோரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா? பிரசவத்திற்கு முடிந்தது பாம்புக்கடிக்கும் மாரடைப்புக்கும் ஏன் முடியாது?

சட்டமும் நமக்குச் சில கருவிகளைத் தந்திருக்கின்றது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி, போதனா வைத்தியசாலைகளும் விசேட வைத்தியசாலைகளும் நீங்கலாக, பொது வைத்தியசாலைகளை நிறுவி நடத்துவது மாகாண சபையின் அதிகாரம். நம் வைத்தியசாலைக்கு வேண்டியதை நம் மாகாணமே தீர்மானிக்கவேண்டும் என்பது அரசியற் கோஷம் மட்டுமன்று; எழுதப்பட்ட சட்டம். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரஜையும் அரசாங்கக் கணக்கைக் கேட்கலாம்; 14 வேலை நாட்களுக்குள் அதைப்பற்றிய தீர்மானம் தரப்படவேண்டும்.

அயல்நாட்டிலிருந்தும் ஒரு வழக்கைக் கூறுவோம். 1992இல் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையிற் காயமுற்ற ஒருவரை, அரசாங்க வைத்தியசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டில் இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. அவர் சார்ந்திருந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்காடியது. அவசர சிகிச்சை அளிக்கத் தவறுவது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும், பணமில்லை என்பது அதற்கு விடையாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996 மே மாதத்தில் தீர்த்தது. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் வழக்காடியவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். பிரபுக்களல்லர்; வயலில் வேலை செய்தோர்.

ஒரு கொப்பி, ஒரு போகம்

ஆகவே நம் வேலைத்திட்டம் இது. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் கமக்காரர் அமைப்போ, மாதர் சங்கமோ, கடற்றொழிலாளர் சங்கமோ ஒரு கொப்பி திறக்கட்டும். இந்தக் காலபோக விதைப்பிலிருந்து அடுத்த காலபோக விதைப்புவரை ஓராண்டு. எழுதவேண்டியவை ஐந்தே: என்ன நேர்ந்தது, எத்தனை மணிக்கு, எந்த வாகனத்தில், எங்கே கொண்டுசெல்லப்பட்டது, எத்தனை மணிக்குச் சிகிச்சை கிடைத்தது. எங்கும் கொண்டுசெல்லப்படாதவரையும் எழுதுங்கள். ஏன் கொண்டுசெல்லவில்லை என்றும் எழுதுங்கள். பெயர் எழுதவேண்டாம், நோய் ஒருவரின் அந்தரங்கம். கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். ஒரு பொய் எண் புகுந்தால் நூறு மெய் எண்கள் மதிப்பிழக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒன்றைத்தான் தேடிப் பிடிப்பார்.

மறுபக்கத்தில் வைத்தியசாலைப் பதிவுகளின் தொகைகளையும், வேறிடம் மாற்றி அனுப்பப்பட்டோரின் தொகையையும், திடீர் மரண விசாரணை அதிகாரிகளிடமுள்ள தொகைகளையும் சட்டப்படி நாம் கேட்டுப் பெறுவோம். இரண்டையும் அருகருகே வைப்போம். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசமே நமது மனு. கண்ணீரால் எழுதிய மனுக்களை இம்மண் எத்தனையோ அனுப்பிவிட்டது. இம்முறை கணக்கால் எழுதிய மனுவை அனுப்புவோம்.

தோழர்களே, இருட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் வண்டிக்காகக் காத்து நின்றவர்கள் இக்கூட்டத்திலும் இருக்கின்றீர்கள். உங்களுட் சிலருக்கு வண்டி வந்தது, சிலருக்கு வரவில்லை. வந்தவர்களின் கதை பதிவேட்டில் இருக்கின்றது. வராதவர்களின் கதையை எழுத உங்கள் கையைத் தவிர வேறு கை இல்லை. நாளை காலையே கொப்பியைத் திறவுங்கள்.